ரிமோட் டெஸ்க்டாப் நுழைவும் பழைய கடவுச்சொல்லும்

கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகள் காகிதத்தை விட்டுக் கணிப்பொறிக்கு மாறி வருகின்றன என்பதை அங்கத்தினர்கள் அனைவரும் அறிவார்கள். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி முறைக்குக் கொண்டுவர, 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு திட்டத்தை மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அத்திட்டத்தில் சேராத நெசவாளர் சங்கங்களும் விற்பனைச் சங்கங்களும் தம் சொந்த முயற்சியிலேயே கணக்கு மென்பொருளை வாங்கி, தலைமை அலுவலகக் கணிப்பொறி ஒன்றில் அமைத்து, கிளையிலிருந்தும் நூல் கிடங்கிலிருந்தும் அதனை இயக்கி வருவதுண்டு. இவ்வாறு ஒரு கணிப்பொறியைத் தொலைவிலிருந்தே இயக்க உதவும் வசதிக்கு ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்று பெயர்.

இவ்வசதியைக் கைக்கொண்ட இடங்களில் அடிக்கடி கேட்கப்படும் முறையீடு ஒன்று உண்டு. “நேற்று மாலை வரை நன்றாகத் திறந்தது, இன்று காலையில், கொடுத்த விவரங்கள் செல்லாவென்று மறுக்கிறது, நாங்கள் எதையும் மாற்றவில்லை” என்பதே அது. நெய்த சேலைகளைச் சுமந்து காலையிலேயே வந்துவிட்ட நெசவாளி, கூலி பெறாமல் திண்ணையில் காத்திருக்கிறார். மேலுரம் இடவேண்டிய தருணத்தில் உரம் வாங்க வந்த விவசாயி, “கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை” என்ற விடையுடன் வீடு திரும்புகிறார். பழுது பார்ப்பவருக்கு ஆள் அனுப்பப்படுகிறது. இணைய இணைப்பு பழிக்கப்படுகிறது. ஆனால் கோளாறு இவற்றில் எதிலும் இல்லாமல், கிளைக் கணிப்பொறி தன் ஞாபகத்தில் வைத்திருக்கும் ஒரு பழைய கடவுச்சொல்லிலேயே இருப்பது மிகச் சாதாரணம். அதனைக் கண்டறிவது எப்படி, நீக்குவது எப்படி, மீண்டும் நேராமல் காப்பது எப்படி என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குக் கணிப்பொறிச் சாஸ்திரம் கற்றிருக்க வேண்டுவதில்லை. செக்குப் புத்தகத்தை ஒழுங்காகப் பாதுகாக்கத் தெரிந்த எந்தக் காரியதரிசிக்கும் இது எளிதில் விளங்கும்.

ரிமோட் டெஸ்க்டாப் என்பது யாது?

கிளையிலுள்ள குமாஸ்தா தம் முன்னுள்ள கணிப்பொறியில் ஒரு சிறிய சாளரத்தைத் திறந்து, தலைமை அலுவலகக் கணிப்பொறியின் பெயரைத் தருகிறார். அங்குள்ள திரை இங்கே தோன்றுகிறது. இங்கே தட்டும் எழுத்து அங்கே பதிவாகிறது. கணக்கு முழுவதும் ஓரிடத்திலேயே இருக்க, அதனைப் பலர் பல இடங்களிலிருந்து எழுதலாம் என்பதே இதன் பயன். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் இம்முறை இடம் பெற்றது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. புரொஃபெஷனல் பதிப்பின் மூலம் சாதாரண அலுவலக மேஜைகளுக்கும் பரவியது.

தலைமை அலுவலகக் கணிப்பொறியை இனிச் ‘சர்வர்’ என்றே குறிப்பிடுவோம். நுழைய விரும்புவோரிடம் சர்வர் இரண்டு விவரங்களைக் கேட்கும். ஒன்று பயனர் பெயர், மற்றொன்று கடவுச்சொல். இரண்டும் தன்னிடமுள்ள பதிவோடு பொருந்தினாலன்றி அது கதவைத் திறப்பதில்லை.

2006-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் விஸ்டாவுடன் இம்முறையில் முக்கியமான மாறுதல் ஒன்று ஏற்பட்டது. அதற்கு முன்னர் சர்வரின் திரை முதலில் தோன்றும். கடவுச்சொல்லை அத்திரையிலே கொடுக்கலாம். புதிய ஏற்பாட்டின்படி, திரை தோன்றுவதற்கு முன்பே கடவுச்சொல் சோதிக்கப்பட்டுவிடுகிறது. கண்டவர் வாசல் வரை வந்து நிற்பதை இது தடுக்கிறதாகையால் நன்மையே. ஆயினும் இதனால் விளையும் அசௌகரியம் ஒன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். கடவுச்சொல் தவறாயினும் காலாவதியாயிருப்பினும், சர்வரின் திரையை நாம் காணவே முடிவதில்லை. ஆகவே கோளாறு சர்வரில் இருப்பது போன்ற மயக்கம் கிளையிலுள்ளவர்க்கு உண்டாகிறது.

முன்கூட்டியே கையெழுத்திட்ட செக்கு

நாள்தோறும் கடவுச்சொல்லைத் தட்டுவது சிரமமென்று கருதுவோருக்காக, “என்னை நினைவில் வைத்துக்கொள்” என்னும் பொருள்பட ஒரு சிறு கட்டம் அச்சாளரத்திலே உண்டு. அதில் குறியிட்டுவிட்டால், கிளைக் கணிப்பொறி கடவுச்சொல்லைத் தன்னிடமே சேமித்துக்கொண்டு, மறுநாள் முதல் நம்மைக் கேளாமலே சர்வரிடம் கொடுத்துவிடும். இச்சேமிப்பு இருக்குமிடத்துக்கு ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்று பெயர்.

இதன் தன்மையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு சங்கத்தின் காரியதரிசி, தாம் வெளியூர் செல்லும் நாட்களில் வேலை தடைப்படாதிருக்க, நாலைந்து செக்குகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு மேஜை அறையில் வைத்திருந்தார் என்று கொள்வோம். அவர் ஓய்வு பெற்றார், வேறொருவர் பொறுப்பேற்றார், புதியவரின் மாதிரிக் கையெழுத்து மத்திய கூட்டுறவு பாங்கிக்குத் தீர்மானத்துடன் அனுப்பப்பட்டது. இஃது அறியாத குமாஸ்தா, மேஜை அறையிலிருந்த பழைய செக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பாங்கிக்குச் செல்கிறார். செக்கு திரும்பிவிடுகிறது. இங்கே பாதையில் குற்றமில்லை, பாங்கியில் குற்றமில்லை, சங்கத்தின் கணக்கில் பணமும் குறைவில்லை. செல்லாத கையெழுத்தைக் கொண்டு சென்றதே காரணம். அதே செக்கைப் பத்து முறை நீட்டினாலும் பயன் இராது. மாறாக, ஏதோ மோசடி நடக்கிறதென்று பாங்கியார் ஐயுற்றுக் கணக்கையே நிறுத்தி வைக்கவும் கூடும்.

சேமித்த கடவுச்சொல்லின் நிலையும் இதுவே. சர்வரில் கடவுச்சொல்லை மாற்றியவுடன், கிளைகளிலுள்ள சேமிப்புகள் அனைத்தும் செல்லாத செக்குகளாகிவிடுகின்றன. சர்வர் அவற்றுக்கு அறிவிப்பு அனுப்புவதில்லை. அவையும் தாமாகத் திருந்துவதில்லை. “நாங்கள் எதையும் மாற்றவில்லை” என்று கிளையிலுள்ளோர் கூறுவது முற்றும் உண்மை. மாற்றம் நேர்ந்தது தலைமை அலுவலகத்தில். மாறாதிருந்ததே கிளையின் குறை.

கோளாறு எதுவென்று பிரித்தறிதல்

மருந்துக்கு முன் நோயை அறியவேண்டும். நுழைவு மறுக்கப்படும்போது திரையில் தோன்றும் வாசகத்தைப் பொறுமையாகப் படித்தல் முதற் கடமை. அது பெரும்பாலும் நான்கு வகைகளுள் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, தொலைக் கணிப்பொறியை அடையவே முடியவில்லை என்பது. சர்வர் அணைந்திருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம், தொலை நுழைவு அனுமதிக்கப்படாமலிருக்கலாம். இதற்கும் கடவுச்சொல்லுக்கும் தொடர்பில்லை.

இரண்டாம் வகை, கொடுத்த அடையாள விவரங்கள் ஏற்கப்படவில்லை, அல்லது நுழைவு முயற்சி தோல்வியுற்றது என்பது. இவ்வாசகம் வந்தாலே பாதையும் சர்வரும் நலமாயுள்ளன என்று பெரும்பாலும் துணியலாம். பழைய கடவுச்சொல்லை ஐயுற வேண்டிய இடம் இதுவே.

மூன்றாம் வகை, பல முறை தவறாக முயன்றதால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்பது. இது பெரும்பாலும் இரண்டாம் வகையின் பின்விளைவு.

நான்காம் வகை, கடவுச்சொல்லின் காலம் முடிந்துவிட்டது, அதை மாற்றியாக வேண்டும் என்பது. மேலே கூறிய முன்சோதனையின் காரணமாக, இதனைக் கிளையிலிருந்தபடி மாற்றிக்கொள்ள இயலாமற் போகலாம். தலைமை அலுவலகத்தில் சர்வரைப் பராமரிப்பவரே மாற்றித் தரவேண்டும்.

இரண்டாம் வகையென்று தெரிந்தபின் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. அக்கணக்குக்கு உரியவர் தலைமை அலுவலகத்திலேயே, சேமிப்பு எதுவும் இல்லாத வேறொரு கணிப்பொறியில் அமர்ந்து, தம் கையாலேயே புதிய கடவுச்சொல்லைத் தட்டிப் பார்க்கட்டும். அங்கே திறந்தால் கடவுச்சொல் சரியானதே. கிளைக் கணிப்பொறியின் ஞாபகமே தவறு. அங்கேயும் திறவாவிடில் கடவுச்சொல்லே மறந்துபோயிருக்கிறது; அதைப் புதிதாக அமைக்கவேண்டும்.

சிறு தவறுகள் சிலவற்றையும் உடன் கவனித்தல் நலம். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான விசை அழுந்தியிருக்கலாம். தமிழில் கடிதம் எழுதிய பின், விசைப்பலகை தமிழ் 99 அமைப்பிலேயே நின்றிருக்கலாம். கணிப்பொறியைத் திறக்க நாள்தோறும் நான்கு அல்லது ஆறு இலக்கப் ‘பின்’ எண்ணைப் பயன்படுத்துவோர், அதையே இங்கும் தட்டலாம். அவ்வெண் அந்தக் கணிப்பொறிக்கு மட்டுமே உரியது. ரிமோட் டெஸ்க்டாப் அதனை ஏற்பதில்லை. இன்னும் ஒன்று: பயனர் பெயரை மட்டும் கொடுத்தால், அது கிளைக் கணிப்பொறியின் பயனரென்று தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. ஆகவே சர்வரின் பெயரையோ, கணக்கு எந்த டொமைனைச் சேர்ந்ததோ அதன் பெயரையோ முதலில் எழுதி, பின்சாய்ந்த கோடிட்டு, அதன்பின் பயனர் பெயரை எழுதுவது பாதுகாப்பானது.

பரிகாரம்

முதலாவதாக, முயற்சியை நிறுத்துக. இரண்டு முறை மறுக்கப்பட்டால் மூன்றாம் முறை தட்டாதீர்கள். சாளரத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சேமித்த பழைய சொல்லே முதலில் செல்கிறது என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவதாக, பழைய சேமிப்பை நீக்குக. ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தில், கூடுதல் அமைப்புகளைக் காட்டும் பொத்தானை அழுத்தி, சர்வரின் பெயரை எழுதினால், சேமித்த விவரங்கள் இருப்பின் அச்செய்தியும், அவற்றைத் திருத்தவும் நீக்கவும் இரண்டு இணைப்புகளும் அங்கேயே தோன்றும். நீக்கும் இணைப்பை அழுத்துவது ஒரு வழி.

இதனினும் திருத்தமான வழி, கன்ட்ரோல் பேனல் வழியாகக் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, அதில் ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ என்னும் பகுதியைப் பார்ப்பது. அங்கே டி, இ, ஆர், எம், எஸ், ஆர், வி என்னும் ஏழு ஆங்கில எழுத்துக்களில் தொடங்கி, ஒரு சாய்கோடும் அதன்பின் சர்வரின் பெயரும் கொண்ட பதிவுகள் காணப்படும். ரிமோட் டெஸ்க்டாப் சேமித்தவை அவையே. ஒவ்வொன்றையும் விரித்து ‘ரிமூவ்’ என்பதை அழுத்தினால் அது நீங்கும். எந்தச் சர்வருக்குரிய பதிவென்று உறுதி செய்துகொண்டே நீக்கவேண்டும். பிற பதிவுகளில் கை வைக்கலாகாது.

இவ்விடத்தில் மிகவும் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சேமிப்பு, சர்வரை நாம் எப்பெயரால் அழைத்தோமோ அப்பெயரிலேயே பதிவாகிறது. ஒரே சர்வரை ஒரு நாள் பெயரிட்டு அழைத்து, மற்றொரு நாள் இலக்க முகவரியால் அழைத்திருந்தால், இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்றை நீக்கினால் மற்றொன்று அப்படியே நிற்கும். ஒரே கணிப்பொறியில் இரு குமாஸ்தாக்கள் தனித்தனிப் பெயரில் நுழைபவராயின், அவரவர் சேமிப்பு அவரவர்க்குத் தனி. ஒருவர் நீக்கியது மற்றவரைச் சாராது. இடையே ‘கேட்வே’ என்னும் வாயிற்கணிப்பொறி வைத்திருக்கும் அமைப்பில், அதற்குரிய சேமிப்பும் வேறாக இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, புதிய கடவுச்சொல்லைக் கையால் தட்டி நுழைக. முதல் முறை, நினைவில் வைக்கும் கட்டத்தில் குறியிடாமலே நுழைந்து பார்ப்பது உத்தமம். வெற்றி கிட்டிய பின்னரே, சேமிக்க வேண்டுமா என்பதைத் தனியாக யோசிக்கலாம். ஆனால் பழைய சேமிப்பை நீக்காமல், மறுப்பு வந்தபின் புதிய சொல்லைத் தட்டி நுழைந்து, கட்டத்தில் குறியிடாது விட்டுவிட்டால், அன்றைய வேலை நடக்குமே தவிர நோய் தீராது. பழைய சொல் அங்கேயே இருந்துகொண்டு, நாள்தோறும் காலையில் ஒரு தவறான முயற்சியைச் சர்வரின் கணக்கில் சேர்த்துக்கொண்டேயிருக்கும்.

நான் பார்வையிடச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததை இங்கே கூறுவது பொருந்தும். பழைய குமாஸ்தா மாறிச் சென்றதையொட்டி, வெள்ளிக்கிழமை மாலையில் தலைமை அலுவலகத்தார் கடவுச்சொல்லை மாற்றினர். சனிக்கிழமையோ கூலிப் பட்டுவாடா. காலையில் கிளை நுழைவு மறுக்கப்பட்டது. தொலைபேசியில் கேட்டறிந்து, புதிய குமாஸ்தா பழைய சேமிப்பை நீக்கினார். புதிய சொல்லையும் எழுதி வைத்துக்கொண்டார். எனினும் மறுப்பு நீங்கவில்லை. சிறிது நேரத்தில் கணக்கும் பூட்டிக்கொண்டது. காரணத்தை ஆராய்ந்தபோது, அவர் நீக்கியது சர்வரின் பெயரிலிருந்த பதிவு என்றும், மேஜைத் திரையில் பழைய குமாஸ்தா வைத்துச் சென்ற சின்னம் சர்வரை இலக்க முகவரியால் அழைப்பது என்றும் தெரிந்தது. சின்னத்தை அழுத்தும்தோறும் இரண்டாவது பழைய செக்கு சென்றுகொண்டிருந்தது. அதையும் நீக்கி, பூட்டு நீங்கும் வரை காத்திருந்து, ஒருமுறை கையால் தட்டியதும் கதவு திறந்தது. வேலை ஐந்து நிமிஷத்துக்குரியது. ஆனால் அதற்குள் பிற்பகலாகிவிட்டது. தொலைவிலிருந்து வந்த நெசவாளிகள் சிலர் கூலியின்றியே சென்றுவிட்டிருந்தனர்.

கணக்கு மீண்டும் மீண்டும் பூட்டிக்கொண்டால்

தவறான கடவுச்சொல் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவைப்பது, கள்ள முயற்சியைத் தடுப்பதற்காக ஏற்பட்ட விதி. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் திருத்தங்களைச் சேர்த்துப் புதிதாக அமைக்கப்பட்ட விண்டோஸ் 11 கணிப்பொறிகளில், 10 நிமிஷத்துக்குள் 10 தவறுகள் நேர்ந்தால் 10 நிமிஷம் கணக்கு பூட்டப்படும் என்பது இயல்பான அமைப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. சங்கத்தின் சர்வரில் இதைவிடக் கடுமையான அளவும் வைத்திருக்கலாம்.

பல கணிப்பொறிகளை ஒரே அதிகாரத்தின் கீழ் இணைக்கும் டொமைன் அமைப்பில் ஒரு சலுகை உண்டு. கொடுக்கப்பட்ட தவறான சொல், அக்கணக்கின் கடவுச்சொல் வரலாற்றில் பதிந்துள்ள மிக அண்மையான இரண்டில் ஒன்றாக இருப்பின், நுழைவு மறுக்கப்படுமேயன்றி அத்தவறு எண்ணிக்கையில் சேர்வதில்லை. அதற்கும் முந்திய சொல்லாயின் சேரும். ஒரு கிளையில் பழைய கடவுச்சொல் வெறும் மறுப்போடு நிற்பதும், மற்றொரு கிளையில் கணக்கையே பூட்டிவிடுவதும் இதனால் இருக்கக்கூடும். ஆயினும் இச்சலுகையை நம்பிப் பழைய சேமிப்பை விட்டுவைப்பது முறையன்று.

கிளையில் எல்லாவற்றையும் நீக்கிய பின்னும் கணக்கு பூட்டிக்கொண்டே இருந்தால், பழைய சொல் வேறெங்கோ தங்கியிருக்கிறது என்பது பொருள். தலைவரின் வீட்டு மடிக்கணிப்பொறியில் இருக்கலாம். கைப்பேசியிலுள்ள தொலைநுழைவுச் செயலி தனக்கென்று ஒரு சேமிப்பு வைத்திருக்கும். சர்வரிலுள்ள கோப்புறையை நிரந்தரமாக இணைத்துவைத்த கணிப்பொறி, அவ்விணைப்புக்காகப் பழைய சொல்லைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இரவில் தானாக நகல் எடுக்குமாறு அமைத்த வேலை, பழைய சொல்லாலேயே எழ முயலலாம். வேலை முடிந்ததும் முறைப்படி வெளியேறாமல் சாளரத்தை மட்டும் மூடிச் சென்றவரின் அமர்வு, சர்வரில் உயிரோடிருந்து, கடவுச்சொல் மாறியதை அறியாமல் பழையதையே பயன்படுத்தக்கூடும்.

இவற்றுள் எதுவென்று ஊகித்துத் திரிவதைவிடச் சர்வரின் நாட்குறிப்பைப் பார்ப்பதே மேல். ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் பகுதியில், பாதுகாப்பு நிகழ்ச்சிகளின் கீழ், இவற்றைப் பதியும் ஏற்பாடு இயங்குமாயின், 4625 என்ற எண்ணுள்ள பதிவு தோல்வியுற்ற நுழைவையும், 4740 என்ற எண்ணுள்ள பதிவு கணக்கு பூட்டப்பட்டதையும் குறிக்கும். எந்தக் கணிப்பொறியிலிருந்து முயற்சி வந்ததென்னும் குறிப்பு பெரும்பாலும் அவற்றிலேயே கிடைக்கும். டொமைன் அமைப்பில் 4740-ஆம் எண் பதிவை டொமைனை நிர்வகிக்கும் கணிப்பொறியில் தேடவேண்டும்.

அங்கே காணப்படும் முகவரி நமது கிளைகள் எதற்கும் உரியதல்லவாயின், விஷயம் வேறு. ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாயில் எண் 3389. அவ்வாயிலை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும் சர்வர்களை, உலகின் எம்மூலையிலிருந்தும் யாரேனும் தட்டிப் பார்ப்பர். அவர்களுடைய தவறான ஊகங்களாலும் நம் கணக்கு பூட்டிக்கொள்ளும். 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில், பழைய விண்டோஸ் பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் ‘புளூகீப்’ எனப்பட்ட பெருங்குறை வெளியானபோது, கடவுச்சொல்லே இன்றி உட்புக இடமிருந்தது கண்டு உலகம் திடுக்கிட்டது. ஆகையால் இவ்வாயிலை நேரே இணையத்தில் திறக்காமல், ‘வி.பி.என்.’ என்னும் தனிப்பாதை வழியாகவோ, வாயிற்கணிப்பொறி வழியாகவோ மட்டுமே கிளைகளை அனுமதிக்கவேண்டும்.

செய்யத்தகாத பரிகாரங்கள்

அவசரத்தில் சிலர் கூறும் யோசனைகள் நோயினும் கொடியவை. கணக்கைப் பூட்டும் விதியையே எடுத்துவிடலாம் என்பது ஒன்று. அது கதவு இறுகுகிறதென்று தாழ்ப்பாளைக் கழற்றுவதாகும். கிளை முழுவதற்கும் ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. அவ்வாறு செய்தால், நூல் இருப்பில் குறைவு காணும்போதோ, நகைக்கடன் பற்றில் வேறுபாடு தோன்றும்போதோ, அப்பதிவை எழுதியவர் யாரென்று தணிக்கையாளர் கண்டுபிடிக்கவே முடியாது. குற்றமற்ற குமாஸ்தா தம்மை நிரூபிக்கவும் வழியிராது. கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டுவதைப் பற்றிக் கூறவே வேண்டாம்.

கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விண்டோஸில் 42 நாட்களுக்கு ஒரு முறை மாற்றும் அளவு இயல்பாக வைக்கப்பட்டிருந்தது. ஆனால், காரணமின்றிக் கெடு வைத்து மாற்றச் சொல்வதால் மக்கள் எளிய சொற்களையே சிறிது மாற்றி வைத்துக்கொள்கின்றனர் என்பது அனுபவத்தில் தெரியவந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில், காரணமின்றிக் கெடு வைத்து மாற்றுவிக்க வேண்டாமென்று கூறியது. மைக்ரோசாஃப்டும் 2019-இல் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து அக்கெடுவை நீக்கியது. ஆகவே நீண்ட, பிறர் ஊகிக்க முடியாத கடவுச்சொல் ஒன்றை வைத்து, அது வெளிப்பட்டதென ஐயம் எழும்போது தவறாமல் மாற்றுவதே இக்காலத்து அறிஞர் கருத்து. ஊழியர் மாறிச் செல்லும்போது, அவருடைய கணக்கை அன்றே முடக்கி, வருபவருக்குப் புதுக் கணக்கு திறக்கவேண்டும். மேலதிகாரிகள் கெடு விதித்திருக்கும் இடங்களில் அதற்குக் கட்டுப்படவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வருமுன் காத்தல்

சங்கத்தில் ஒரு சிறு பதிவேடு வைத்துக்கொள்வது நலம். எந்தக் கணக்கு யாருக்குரியது, அது எந்தெந்தக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது, கடைசியாக மாற்றிய தேதி யாது என்ற மூன்று விவரங்கள் அதில் போதும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதலாகாது.

மாற்றும் நாளையும் யோசித்து வைக்கவேண்டும். கூலிப் பட்டுவாடாவுக்கு முந்திய மாலையும், மாதக் கடைசியும், பயிர்க்கடன் வழங்கும் தருணமும் தகுந்தவையல்ல. வேலை நெருக்கடியில்லாத ஒரு காலைப்பொழுது தக்கது. முதலில் எல்லாரும் முறைப்படி வெளியேறவேண்டும். பின்பு சர்வரில் மாற்றவேண்டும். அடுத்துப் பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு இடத்திலும் பழைய சேமிப்பை நீக்கி, புதிய சொல்லால் ஒருமுறை நுழைந்து பார்த்து, எதிரே குறியிடவேண்டும். இவ்வரிசை பிறழாதிருந்தால், மறுநாள் காலையில் யாரும் திண்ணையில் காத்திருக்க நேராது.

இறுதியாக, சேமிப்பு என்னும் வழக்கத்தையே சற்றுச் சிந்திக்க வேண்டுகிறேன். செல்லாத கடவுச்சொல் நமக்கு ஒரு காலைப்பொழுதை நஷ்டமாக்குகிறது. செல்லும் கடவுச்சொல்லோ, சேமிக்கப்பட்ட கணிப்பொறியின் முன் யார் வந்து அமர்ந்தாலும், அவரைச் சங்கத்தின் கணக்குக்குள் கொண்டுபோய் விடுகிறது. அவர் எழுதுவது அனைத்தும் குமாஸ்தாவின் பெயரிலேயே பதிவாகும். கையெழுத்திட்ட வெற்றுச் செக்கை மேஜையில் விட்டுச் செல்ல ஒருப்படாத காரியதரிசி, பலர் புழங்கும் கணிப்பொறியில் கடவுச்சொல்லைச் சேமித்துவைக்க ஒருப்படுவது பொருந்தாது. ஒருவருக்கே உரிய கணிப்பொறியில், அவர் எழுந்து செல்லும்போது திரையைப் பூட்டும் பழக்கமும் இருந்தால் மட்டும் சேமிக்கலாம். மற்ற இடங்களில் நாள்தோறும் கையால் தட்டுவதே சங்கத்துக்கும் ஊழியருக்கும் பாதுகாப்பு.

சங்கத்தின் கணக்கில் இருப்பது அங்கத்தினர்கள் தறியிலும் வயலிலும் உழைத்துச் சேர்த்த பொருள். அதன் கதவு உரியவர்க்கு உரிய நேரத்தில் திறக்கவும், பிறர்க்குத் திறவாதிருக்கவும் வேண்டும். நிர்வாகக் குழுவினர் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே, தத்தம் சங்கத்தின் கடவுச்சொற்கள் எங்கெங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரிக்குமாறு காரியதரிசியைப் பணிப்பார்களாயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகக் கருதுவேன்.